நிமிர்ந்திருந்த மாணவன்

ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட எமக்கு, மாணவரின் முகத்தைப் பார்த்த அளவிலே அவர்தம் அகத்தை அறிந்துவிடலாம் என்றதொரு கருவம் நெடுங்காலமாக இருந்து வந்தது. வீட்டுப்பாடம் செய்யாதவன் எவன், செய்துவிட்டதாகப் பொய் கூறுபவன் எவன், பசியோடு வந்தவன் எவன் என்பவற்றை வகுப்பறை வாயிலில் நின்றபடியே கூறிவிடுவோம். சக ஆசிரியர்கள் அதனை மெச்சியதுமுண்டு. அந்தக் கருவம் 2018 ஆம் ஆண்டில் ஒரு பிற்பகலிலே, வைத்தியசாலையொன்றின் சிறிய அறையில், ஏழெட்டுப் பேர் முன்னிலையில் அழிந்துபோயிற்று. அதனை இங்கே எழுதத் துணிந்தமைக்குக் காரணம், அத்தகைய கருவமுடையோர் இப்பக்கத்தை வாசிப்போரிடையிலும் இருக்கக்கூடும் என்பதே.

அவன் அப்பொழுது ஏழாந் தரத்தில் எமது வகுப்பில் இருந்தான். பெயர் வேண்டா, ஊரும் வேண்டா. மெலிந்த தேகம், முத்துப் போன்ற கையெழுத்து, கணக்கு மட்டும் ஏறாது. இரண்டாந் தவணையின் தொடக்கத்தில் ஒரு வாரம் முழுவதும் அவன் கதிரையில் முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்தே இருந்தான். மற்றப் பிள்ளைகள் மேசைமேற் சரிந்தும் கதிரையிற் சாய்ந்தும் கிடந்த அந்தப் புழுக்கமான பகற்பொழுதுகளில், அவன் ஒருவன் மாத்திரம் தூண்போல் இருந்தமை எமது கண்ணுக்கு அழகாகத் தோன்றியது. "எல்லாரும் அவனைப் பாருங்கள், படிக்கிற பிள்ளை அப்படித்தான் இருக்கவேண்டும்" என்று வகுப்பிலே புகழ்ந்தும் கூறினோம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று எண்ணினோம்.

முதலாந் தவணைத் தேர்ச்சி அறிக்கைகளை அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் வழங்கியிருந்தோம். அவனுடைய அறிக்கையில் வகுப்பாசிரியர் குறிப்பு என்னும் கட்டத்துள் "கணிதத்திற் கவனமின்மை. பெற்றோர் கவனிக்கவும்" என்று எழுதியிருந்தோம். அவ்வாறு எழுதுவது எமது வழக்கம். ஒரு நாளில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் அறிக்கைகளை எழுதி முடிக்கும்போது கை தானாகவே எழுதிக்கொண்டு போகும்.

உண்மையைக் கண்டவர் நாமல்லர், உடற்கல்வி ஆசிரியை. அவர் எம்மினும் மிக இளையவர். பணிக்கு வந்து ஓராண்டும் நிறையவில்லை. விளையாட்டு நேரத்தில் கூட்டாளி ஒருவன் அன்பினாலே முதுகில் ஒரு தட்டுத் தட்ட, நம் பையன் மூச்சடைத்தவனாய் அப்படியே குந்திவிட்டானாம். ஆசிரியை அவனைத் தனியே அழைத்து அதட்டாமல் விசாரித்திருக்கிறார். பின்னர் அதிபரிடம் சென்றார். அதிபர் "குடும்ப விஷயம், யோசித்துச் செய்வோம்" என்றார். ஆசிரியை யோசிக்கவில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கத்துக்குத் தாமே தொலைபேசியில் அறிவித்துவிட்டார்.

எமக்கு உண்டான கோபத்தை மறைப்பானேன்? வகுப்பாசிரியர் நாம் இருக்க, எம்மிடம் ஒரு வார்த்தை கேளாமல் பொலிசார் வரை கொண்டுபோவதா என்று ஓய்வறையில் உரத்துப் பேசினோம். பையனின் தகப்பனாரை நாம் நன்கறிவோம். குடியில்லை; சூதில்லை; கோயிற் காரியங்களில் முன்னிற்பவர். மகனை எமது வகுப்பிற் சேர்த்த நாளில் கைகூப்பி, "கண் ரெண்டையும் விட்டிட்டு மிச்சத்தை உரிச்சுப் போடுங்கோ சேர்" என்று கூறியவர். எமது நாட்டுத் தமிழ்ப் பெற்றோர் எத்தனை தலைமுறையாகச் சொல்லிவரும் வாசகம் அது! சொல்பவருக்கு அது மரியாதை. கேட்பவருக்கு அது கௌரவம். அன்று நாமும் மகிழ்ந்துதான் போனோம். பக்கத்தில் நின்ற பையன் அதனை எவ்வாறு கேட்டான் என்பது எமது நினைவிலேயே இல்லை.

சில வாரங்களின் பின், வைத்தியசாலையில் நடைபெறவிருந்த ஒரு கலந்தாய்வுக்கு வருமாறு எமக்கு அழைப்பு வந்தது. இத்தகைய பிள்ளைகளின் பொருட்டு, வைத்தியர்களும் நன்னடத்தை அதிகாரியும் பொலிசாரும், வேண்டியவிடத்துப் பாடசாலையாரும் ஒரே மேசையைச் சுற்றியிருந்து, பிள்ளை இனி எங்கே இருப்பது, யார் பார்ப்பது என்று தீர்மானிக்கும் ஒழுங்கு உண்டு. நாம் தகப்பனாருக்காக நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்ற எண்ணத்தோடுதான் சென்றோம்.

சட்ட வைத்திய அதிகாரி நடுவயதுப் பெண்மணி. அவர் முன்னே ஒரு தாள் இருந்தது. அதில் முன்புறமும் பின்புறமுமாக இரண்டு மனித உருவங்கள் வெறுங் கோடுகளால் அச்சிடப்பட்டிருந்தன. அந்த உருவங்களின்மேல் சிறு சிறு அடையாளங்களும், அவற்றருகே இலக்கங்களும். இலக்கம் 17 வரை சென்றது. ஒவ்வோர் அடையாளத்துக்கும் அதன் நீளம், அகலம், நிறம், வடிவம், உடம்பில் எவ்விடத்தது என்பன வேறொரு தாளில் எழுதப்பட்டிருந்தன. பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த புகைப்படங்களும் இருந்தன. ஒரு பிள்ளையின் தேகம் நிலவரைப்படம்போல் அளக்கப்பட்டுக் கிடந்த காட்சி எமக்கு முதலில் அருவருப்பைத் தந்தது. சிறிது நேரத்தின் பின்னரே, அவனை அதுவரை எவருமே அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை என்பது விளங்கிற்று.

நாம் எமது வக்காலத்தைத் தொடங்கினோம். "பையன்கள் ஓடுவார்கள், விழுவார்கள், மதில் ஏறுவார்கள், காயமில்லாத பையன் உண்டா?" என்றோம். அம்மையார் கோபிக்கவில்லை. விழுகிற பிள்ளைக்கு எங்கே காயம் வரும் என்று எம்மையே கேட்டார். முழங்கால், முன்னங்கால், முழங்கை, நெற்றி, நாடி என்றோம். ஆம், எலும்பு துருத்தி நிற்கும் இடங்கள்தாம் நிலத்தை முதலில் தொடும் என்று ஒப்புக்கொண்டு தாளைத் திருப்பிக் காட்டினார். முழங்காலில் இருந்த இரண்டு தழும்புகளை அவர் விளையாட்டுக் காயம் என்றே எழுதியிருந்தார். ஏனையவை முதுகிலும், தொடையின் பின்புறத்திலும், மேற்கையின் வெளிப்புறத்திலும், ஒரு காதின் பின்னாலும் இருந்தன. காதின் பின்புறம் அடிபட விழுவது எவ்வாறு என்று யோசித்துப் பார்த்தோம். எமக்கு வழி தோன்றவில்லை.

பின்னர் வடிவத்தைப் பற்றிக் கூறினார். முதுகில் இருந்தவற்றுட் சில, நீண்டு சென்று வளைந்து திரும்பும் கோடுகள். குதிரை லாடத்தை இழுத்து நீட்டினாற் போன்றவை. மின்சார வயரை இரண்டாக மடித்து, இரு நுனிகளையும் கையிற் பற்றி அடித்தால் மடிப்பின் வளைவு தோலில் அவ்வாறு பதியுமாம். விழுந்த இடத்திலுள்ள கல் இத்தகைய வடிவத்தை எழுதாது. சில அடையாளங்கள் ஊதா நிறமாய்ப் புதியன; சில மஞ்சள் பாரித்தன; சில வெளுத்த பழந்தழும்புகள். ஒரு நாளின் சினம் அன்று; பல நாட்களின் வழக்கம்.

எத்தனை நாளைக்கு முந்தியவை என்று பொலிஸ் உத்தியோகத்தர் கேட்டார். அம்மையார் நாட்கணக்குச் சொல்ல மறுத்துவிட்டார். கண்டலின் நிறத்தைக்கொண்டு இன்ன நிறமாயின் இத்தனை நாள் என்று பழைய நூல்கள் அட்டவணை தந்தன. அவ்வட்டவணை நம்பத்தக்கதன்று என்பது பின்வந்த ஆராய்ச்சிகளால் தெரிந்துவிட்டது. ஒரே நாளில் ஒரே பிள்ளைக்கு உண்டான இரண்டு கண்டல்கள்கூட வெவ்வேறு விதமாக நிறம் மாறும். "வெவ்வேறு காலத்தவை என்று எழுதுவேன், திகதி எழுதமாட்டேன்" என்றார். அறிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூறாத அந்த நிதானத்தை, மேடைகளிலும் பத்திரிகைகளிலும் நாம் அதிகம் கண்டதில்லை.

முன்கையில் வட்டமான சிறு தழும்பு ஒன்று இருந்தது. பொலிசார் அதைச் சிகரெட்டாற் சுட்டது என்றே நினைத்திருந்தனர். அம்மையார் பையனின் அம்மம்மாவை விசாரித்திருக்கிறார். குழந்தைப் பருவத்திற் செங்கமாரி வந்தபோது நாட்டு வைத்தியர் ஒருவர் போட்ட சூடாம் அது. அதனையும் அளந்து இலக்கமிட்டு, காரணத்தையும் எழுதி, வேறாக ஒதுக்கியிருந்தார். எளிதிற் கண்டுபோகும் இரத்த நோய் உண்டா, எளிதில் முறியும் எலும்பு நோய் உண்டா என்பனவும் சோதிக்கப்பட்டிருந்தன. நிரபராதி ஒருவர்மேற் பழி விழாதிருக்கச் செய்யவேண்டியவற்றை எல்லாம் செய்த பின்னரே அவர் அந்த மேசைக்கு வந்திருந்தார்.

அடுத்து எக்ஸ்-கதிர்ப் படத்தை வெளிச்சத்திற் பிடித்தார். இடது முன்கையிலுள்ள இரண்டு எலும்புகளில், சின்னவிரற் பக்கத்து எலும்பின் நடுவிலே சிறிய தடிப்பு ஒன்று தெரிந்தது. முறிந்து பொருந்திய இடம். எமக்கு உடனே நினைவு வந்தது. முந்திய ஆண்டின் இறுதியில் அவன் முறிவு வைத்தியரிடம் எண்ணெய்த் துணி சுற்றிய கையோடு பாடசாலைக்கு வந்தான். "சைக்கிளால விழுந்திட்டன் சேர்" என்றான். "பார்த்து ஓடு" என்றோம். அம்மட்டே.

சைக்கிளால் விழுபவர் கையை ஊன்றுவார். அப்போது பெரும்பாலும் முறிவது மணிக்கட்டின் அருகே, பெருவிரற் பக்கத்து எலும்பு. சின்னவிரற் பக்கத்து எலும்பு மாத்திரம் நடுவில் முறிவது நேரே விழும் அடியினால். தலையைக் காக்கக் கையை உயர்த்துபவருக்கு அவ்விடத்திலே அடி விழும். "இதை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்லமாட்டேன்; மற்றவற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்" என்று அம்மையார் கூறினார். கூறிக்கொண்டே, தம்மை அறியாமல், தமது இடக்கையைத் தலைக்கு நேரே ஒருமுறை உயர்த்திக் காட்டினார். அந்தக் கை உயர்ந்த விதத்தை இன்றும் எம்மால் மறக்கமுடியவில்லை.

அதன்பின் பதினான்காம் இலக்கத்துக்கு வந்தார். கெண்டைக்காலில் அது. பக்கம் பக்கமாக ஓடும் இரண்டு சிவந்த கோடுகள். இடையிலே வெளுத்த தோல். வயரின் அடையாளம் அன்று இது. உருண்ட கோலின் அடையாளம் என்றார். கோல் வேகமாக விழும்போது அதன் நேர் கீழே உள்ள இரத்தம் இருபக்கமும் ஒதுங்கும். விளிம்புகளில் நுண்ணிய குழாய்கள் இழுபட்டு வெடிக்கும். ஆகவே அடி விழுந்த இடம் வெளுத்திருக்க, அதன் இருமருங்கும் சிவக்கும். தகப்பனார் தமது வாக்குமூலத்தில் வயரை ஒப்புக்கொண்டார். கோலைப்பற்றி ஒன்றும் கூறவில்லை. பையன் என்ன கூறினான்?

பையனை அவர் வீட்டார் எவரும் இல்லாத நேரத்தில், தாதி ஒருவர் பக்கத்திலிருக்க விசாரித்தாராம். "அப்பா அடித்தாரா?" என்று கேட்கவில்லை, "என்ன நடந்தது?" என்று மாத்திரம் கேட்டிருக்கிறார். அவன் கூறியவற்றை அவனுடைய சொற்களிலேயே எழுதியிருந்தார். அதிலிருந்து ஒரு வரியை வாசித்தார்:

"அப்பா வயரால அடிச்சவர். சேர் பிரம்பால அடிச்சவர்."

நாம் தமிழ் கற்பிப்பவர். பிள்ளைகளின் வாக்கியங்களைத் திருத்தியே காலங்கழித்தவர். அந்த இரண்டு வாக்கியங்களிலும் திருத்துவதற்கு எமக்கு எதுவும் கிடைக்கவில்லை. 'அடிச்சவன்' என்று அவன் சொல்லவில்லை; 'அடிச்சவர்' என்றான். இருவருக்கும் மரியாதை குறையாமல், இருவருக்கும் ஒரே விகுதி.

"நீங்கள்தானே வகுப்பாசிரியர்?" என்று அம்மையார் கேட்டார்.

பரிசோதனைக்கு நான்கு நாட்களுக்கு முன், கட்டுரைக் கொப்பி கொண்டுவராமைக்காக அவனது காலில் ஒரு பிரம்படி கொடுத்திருந்தோம். ஒன்றே ஒன்று. அது எம் நினைவில் ஒரு நிகழ்ச்சியாகவே இருக்கவில்லை. "பதினான்கு எம்முடையது" என்றோம். குரல் வரவில்லை, இரண்டாம் முறை சொல்லவேண்டியிருந்தது.

யாரும் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. பொலிஸ் உத்தியோகத்தர் பேனாவை எடுத்தார். அம்மையார் அந்த இலக்கத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டமிட்டு, "சொன்னது நல்லது. இல்லாவிட்டால் இதுவும் தகப்பன் கணக்கிலே போயிருக்கும்" என்றார். தகப்பனாருக்காக நல்ல வார்த்தை சொல்லப் போன நாம் அவருக்குச் செய்த உதவி அது ஒன்றேயாயிற்று.

பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதென 2005 ஆம் ஆண்டிலும் மீண்டும் 2016 ஆம் ஆண்டிலும் கல்வி அமைச்சு சுற்றறிக்கை விடுத்திருந்தது. அறியோம் என்று கூற வழியில்லை. வாசித்தோம் என்று கையொப்பமிட்டவர் நாம். மேலிடத்து விசாரணை நடந்தது, எழுத்து மூலம் எச்சரிக்கப்பட்டோம், அது தகுமே. தகப்பனாருடைய காரியம் நீதிமன்றத்துக்குச் சென்றது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர் வேண்டுமென்றே தாக்கித் துன்புறுத்துதல், 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி எமது தண்டனைச் சட்டக் கோவையில் தனியான குற்றமாகும். அவ்வழக்கைப்பற்றி இங்கு மேலும் எழுதுதல் பையனுக்கு நன்றன்று.

உறக்கம் வராத அந்நாட்களில் இத்துறை பற்றிய வரலாற்றைத் தேடி வாசித்தோம். 1860 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துச் சட்ட வைத்திய அறிஞர் அம்புருவாஸ் தார்தியூ என்பவர், கொடுமைக்குள்ளான 32 பிள்ளைகளைப்பற்றி எழுதினார். அவர்களுள் 18 பேர் இறந்துபோயினர். அவர் கண்ட காயங்களும் கண்டல்களும் தீப்புண்களும் இன்றைய நூல்கள் கூறுபவையே. பிள்ளைகளை வதைப்போர் எவர் என்று சொல்ல வந்தவர், பெற்றோரோடு ஆசான்மாரையும் ஒரே வாக்கியத்திற் சேர்த்திருக்கிறார். அதனை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம். உலகமும் அவ்வாறே மூடிவைத்தது போலும். நெடுங்காலம் அவர் சொல்லை எவரும் பொருட்படுத்தவில்லை.

1946 இல் அமெரிக்காவில் ஜோன் கபி என்னும் குழந்தை எக்ஸ்-கதிர் நிபுணர், ஆறு கைக்குழந்தைகளின் படங்களை வெளியிட்டார். மண்டையோட்டினுள்ளே இரத்தக் கசிவு. கை கால் எலும்புகளில் முறிவுகள். சில புதியன, சில பொருந்தியன. எவ்வாறு நேர்ந்ததென்று பெற்றோர் எவரும் கூறவில்லை. கபி எலும்பைக் கண்டார். அடித்த கையைப்பற்றி வெளிப்படையாக எழுதத் தயங்கினார். அந்தக் கையைக் குறித்து வைத்திய உலகம் பரவலாக வாய்திறக்க மேலும் 16 ஆண்டுகள் சென்றன. 1962 இல் டென்வர் நகரத்து ஹென்றி கெம்பி என்னும் குழந்தை வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் 71 வைத்தியசாலைகளை விசாரித்து, ஓராண்டில் 302 குழந்தைகள் அவ்வாறு அடிபட்டிருந்தனர், 33 பேர் இறந்தனர், 85 பேருக்கு மூளை நிரந்தரமாகப் பழுதுற்றது என்று வெளியிட்டனர். பெற்றோர் இதனைச் செய்வார் என நம்புவதற்கு வைத்தியர்களின் மனமே ஒப்புவதில்லை என்றும் அக்கட்டுரை கூறிற்று. பின்னர் ஐந்தாண்டுகளுள் அந்நாட்டின் மாநிலங்கள் எல்லாம் இத்தகைய காயங்களை அறிவிப்பதற்குச் சட்டம் இயற்றின.

தாய்மார் அறிந்திருக்க வேண்டிய ஒன்றையும் அந்நூல்களிற் கண்டோம். தவழவும் எழுந்து நிற்கவும் தொடங்காத குழந்தையின் உடம்பில் கண்டல் காண்பது மிக அரிது. கண்டால், சிறிதாயினும், வைத்தியரிடம் காட்டவேண்டும். அழும் குழந்தையை ஆத்திரத்தில் பிடித்து உலுக்கினால் வெளியே ஓர் அடையாளமும் தெரியாமலே தலையினுள் இரத்தம் கசியக்கூடும். பிள்ளை அழுகையை நிறுத்தாதபோது, அதனைப் பாதுகாப்பான இடத்திற் கிடத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய்ச் சிறிது நேரம் நிற்பது பாவமன்று.

எமது ஒரு பிரம்படியும் தகப்பனாரின் வயரும் ஒன்றாகுமா என்று எம்முள் நாமே பலமுறை வழக்காடியதுண்டு. ஒன்றல்ல என்று இன்றும் கருதுகிறோம். ஆயினும், அந்தத் தாளில் இரண்டும் ஒரே மையினால்தான் குறிக்கப்பட்டிருந்தன. தவிரவும், காலில் விழுந்த பிரம்பைப்பற்றி எவரிடமும் முறையிட இயலாத பையன், முதுகில் விழுந்த வயரைப்பற்றி எம்மிடம் வந்து முறையிடுவான் என்று நாம் எவ்வாறு எதிர்பார்த்தோம்? சைக்கிளால் விழுந்தேன் என்று அவன் எம்மிடம் கூறிய பொய் ஒருவேளை நாம் கேட்க விரும்பிய விடையாகவே இருந்திருக்கலாம்.

நீதிமன்றக் கட்டளைப்படி அவன் அம்மம்மாவின் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். நன்னடத்தை அதிகாரி மாதந்தோறும் சென்று பார்த்துவந்தார். பாடசாலை மாறவில்லை, எமது வகுப்பும் மாறவில்லை. மாற்றவேண்டுமா என்று அதிகாரி அவனைக் கேட்டபோது "வேண்டாம்" என்றானாம். ஏன் என்று நாம் கேட்டதில்லை. முதற் சில வாரங்கள் அவன் எம்மைப் பார்ப்பதைத் தவிர்த்தான். நாமும் அவனைப் பார்ப்பதைத் தவிர்த்தோம். பிரம்பு அலுமாரியின் மேல் தூசுபடிந்து கிடந்தது. பின்னர் ஒருநாள் காணாமற் போயிற்று. யார் எடுத்தார் என்று விசாரிக்கவில்லை.

ஆண்டிறுதியில் தேர்ச்சி அறிக்கை எழுதும் நாள் வந்தது. அவனுடைய அறிக்கையின் கடைசிக் கட்டத்தின் முன் நெடுநேரம் இருந்தோம். கணிதத்தில் 31 புள்ளிகள். முந்தியதினும் மூன்று கூட. மற்றப் பிள்ளைகளுடைய அறிக்கைகளை எல்லாம் எழுதி முடித்துவிட்டு மீண்டும் அதனை எடுத்தோம்.

அறிக்கை வாங்க அம்மம்மா வந்திருந்தார். வெள்ளைச் சேலை, வெயிலில் நடந்து வந்த களைப்பு. பையன் அவருக்குப் பின்னால், கதவோரத்தில் நின்றான். கிழவியார் தாளை இரு கைகளாலும் வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, எம்மிடமே திருப்பி நீட்டினார்.

"எனக்கு எழுத்துத் தெரியாது தம்பி. என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோ."

"கையெழுத்து மிக அழகு. கணக்கை நான் சொல்லிக் கொடுக்கிறேன்" என்று வாசித்தோம்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான் அம்மா."

அவர் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பையன் கதவுநிலையில் முதுகைச் சாய்த்தபடி, வெளியே பந்து விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.